எடுவார்ட் ஃபோலயாங் பெரிய வீரர்தானா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் எம்எம்ஏ (குத்து, உதை, தரைப்பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) வீரர் எடுவார்ட் ஃபோலயாங்கைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் தோல்வி பத்துக்கு மேல். ஜப்பானின் ஷின்யா அவோக்கியிடம் மட்டும் இரண்டு முறை தோற்றிருக்கிறார், இரண்டும் முதல் சுற்றிலேயே. ஒரே ஒரு நல்ல இரவை வைத்துக்கொண்டு ஒருவரைப் பெரிய வீரர் என்று சொல்லிவிட முடியுமா?

3 பிப்ரவரி, இரவு 11.20

முடியும். அந்த ஒரு இரவில் நான் அரங்கில் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

2016 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் உள்ளரங்கம். கூட வேலை செய்யும் பிலிப்பினோ நண்பர் ஒருவர், ஃபோலயாங்கின் ஊரான பகியோக்காரர், இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு என்னிடம் வந்து நின்றார். மலிவு டிக்கெட், கூரைக்குப் பக்கத்து இருக்கை. மேலேயிருந்து பார்த்தால் கூண்டு ஒரு தட்டு அளவுதான் தெரியும்.

அவோக்கி 2013இலிருந்து ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனத்தின் 'லைட்வெயிட்' எடைப்பிரிவு பெல்ட்டை வைத்திருந்தவர். கையில் சிக்கினால் கழுத்தோ மூட்டோ ஏதாவது ஒன்று போச்சு என்பதுதான் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஃபோலயாங்குக்கு வாய்ப்பு உண்டு என்று நம்பியவர் எங்கள் வரிசையில் என் நண்பர் ஒருவர்தான். அவரும் ஊர்க்காரர் என்பதால் நம்பினார்.

மூன்றாவது சுற்று தொடங்கி 41ஆவது விநாடியில் எல்லாம் முடிந்தது. அவோக்கி காலைப் பிடிக்கக் குனிந்தார். குனிந்த முகத்துக்கு முழங்கால் ஏறியது. அப்புறம் குத்து மேல் குத்து, நடுவர் பாய்ந்து குறுக்கே விழுந்தார். என் நண்பர் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. எங்களுக்குக் கீழே நர்ஸ் வேலை பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரே கூச்சல். பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர் இந்த நிறுவனத்தின் பெல்ட்டை வெல்வது அதுவே முதல் முறை. அதை எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது?

4 பிப்ரவரி, காலை 7.05

நேற்றிரவு எழுதியதில் ஒரு தப்பு. முதல் பிலிப்பினோ சாம்பியன் ஃபோலயாங் இல்லை. 2013 பிப்ரவரியில் கோலாலம்பூரில் எரிக் கெல்லியை வென்று 'ஃபெதர்வெயிட்' பெல்ட்டை எடுத்த ஹொனோரியோ பனாரியோதான் முதல். அவரும் பகியோ மலைக்காரர், ஃபோலயாங்கோடு ஒரே கூடத்தில் பயிற்சி செய்தவர். எரிக் கெல்லியும் பகியோவிலிருந்து வந்தவர்தான். ஒரு மலையூர் தன் பிள்ளைகள் இருவரை எதிரெதிரே நிறுத்தி முதல் பெல்ட்டை எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். உணர்ச்சியில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

4 பிப்ரவரி, இரவு 10.45

சரி, ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கை அப்புறம் பார்ப்போம்.

பகியோ பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடக்கே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சுற்றிலும் கோர்டியேரா மலைத்தொடர். அந்த மலைகளின் பழங்குடி மக்களைப் பொதுவாக இகோரோட் என்பார்கள். ஃபோலயாங் அந்த மக்களில் ஒருவர். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பு படித்தவர். உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். சண்டைக்காக அந்த வேலையை விட்டார்.

அவருடைய அடிப்படை சீனத் தற்காப்புக் கலையான வூஷு. அதிலும் சான்டா என்கிற மோதல் பிரிவு. தேசிய அணிக்காக ஆடி 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வாங்கினார். தென்கிழக்காசியப் போட்டிகளில் தங்கங்களும் உண்டு. பயிற்சியாளர் மார்க் சங்கியாவ். அவர் தொடங்கிய கூடத்தின் பெயர் டீம் லகாய். 'லகாய்' என்றால் இலோக்கானோ மொழியில் பெரியவர், கிழவர். இளவட்டங்கள் குத்திக்கொள்ளும் கூடத்துக்கு இப்படி ஒரு பெயர். நண்பர் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும்.

2011 செப்டம்பர் 3இல் ஒன் சாம்பியன்ஷிப் தன் முதல் நிகழ்ச்சியை இதே சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் நடத்தியபோது கடைசிச் சண்டை, அதாவது அன்றைய முக்கியச் சண்டை, ஃபோலயாங்குக்கும் கொரியாவின் ஏ சோல் குவோனுக்கும்தான். மூன்று சுற்றும் ஓடி, நடுவர்கள் மூவரும் ஃபோலயாங் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பின்னால் ஆசியா முழுக்கப் பரவிய ஒரு மேடையில் முதல் இரவின் விளக்கு அவர் மேல்தான் விழுந்தது. கேள்வி கேட்டவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5 பிப்ரவரி, மதியம் 1.10

"வூஷு என்றால் வாளைச் சுழற்றும் அழகு விளையாட்டுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது தாவோலு என்ற பிரிவு. சான்டா நிஜமாகவே அடித்துக்கொள்வது. சாப்பாட்டு இடைவேளை முடியப் போகிறது, இரவு விரிவாக எழுதுகிறேன்.

5 பிப்ரவரி, இரவு 11.50

ஃபோலயாங்கின் வெற்றி தோல்வி இரண்டுக்கும் சாவி சான்டாவின் விதிகளில் இருக்கிறது என்பது என் கருத்து.

பழைய முறைப்படி சான்டா நடப்பது உயர்த்திய மேடையில். கயிறு கிடையாது. எட்டு மீட்டர் சதுரம், ஏறக்குறைய இடுப்பளவு உயரம், கீழே சுற்றிலும் மெத்தை. குத்தலாம், உதைக்கலாம், பிடித்துத் தூக்கி எறியலாம், மேடையிலிருந்து தள்ளியும் விடலாம். நீங்கள் நின்றபடி எதிராளியை மட்டும் விழச் செய்தால் புள்ளி. ஆனால் விழுந்த அந்த நொடியே நடுவர் நிறுத்திவிடுவார். இரண்டு பேரும் எழுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாலும் சில விநாடிகளில் பிரித்துவிடுவார்.

நான் இருபதுகளில் இங்கே ஒரு சமூக மன்றத்தில் மூன்று வருடம் சான்டா கற்றவன். போட்டிக்குப் போகும் அளவுக்கு வரவில்லை. ஆனால் உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டது. விழுந்தால் எழு. கீழே கிடக்கும்போது எதுவும் நடக்காது, நடுவர் பார்த்துக்கொள்வார்.

பிறகு 34 வயதில், தரையில் உருண்டு பிடித்து மடக்கும் ஜியூஜிட்சு வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் என்னோடு உருண்டவர் என்னைவிட பத்து கிலோ குறைவான ஒரு கணக்காளர். கீழே தள்ளினார், பக்கவாட்டில் ஏறிப் படுத்தார். நான் அவரைத் தள்ளிவிட ஒரு கையை அவர் கழுத்துக்கு மேலே நீட்டினேன். அவர் அந்தக் கையை அப்படியே என் முகத்தோடு சேர்த்துத் தன் தலையால் அழுத்தி, கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, இன்னொரு பக்கம் மெல்ல நகர்ந்தார். அவ்வளவுதான். என் கழுத்தின் ஒரு பக்கத்தை அவர் கை அடைத்தது, மறுபக்கத்தை என் சொந்தத் தோளே அடைத்தது. மூச்சு நிற்கவில்லை. காதுக்குள் கடல் சத்தம் மாதிரி ஒன்று ஏறியது, விளக்குகள் மஞ்சளாகின, நான் அவர் முதுகில் தட்டிவிட்டேன். அந்த ஆறேழு விநாடிகளில் என் உடம்பு காத்திருந்தது நடுவருக்காக. யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்று.

2019 மார்ச் 31இல் டோக்கியோவில் அவோக்கி ஃபோலயாங்கை முடித்தது இதே பிடியில்தான். முதல் சுற்றிலேயே. வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்த எனக்குக் கழுத்து வலித்தது.

6 பிப்ரவரி, காலை 6.40

இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். "சான்டாக்காரருக்குத் தரை தெரியாது" என்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்படிச் சொன்னால் அவரைச் சின்னதாக்கிவிடும். அவர் பல வருடம் அதைப் பயின்றவர். நான் சொல்ல வந்தது வேறு. இருபது வயதுக்கு முன்னால் எலும்புக்குள் போனது ஒன்று, முப்பதில் கற்றது இன்னொன்று. அமைதியான நேரத்தில் இரண்டாவது கைகொடுக்கும். அவசரத்தில் முதலாவதுதான் வரும்.

2016 இரவு அதனால்தான் எனக்குப் பெரிது. தனக்கு எதில் குறை என்று அவருக்குத் தெரியும், அவோக்கிக்கும் தெரியும், அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் குறையை வைத்துக்கொண்டே, கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இரண்டு சுற்று பொறுமையாக நின்று, குனிவதற்காகக் காத்திருந்தார். அவருடைய சான்டா கால்கள் அன்று அவரைக் காப்பாற்றின.

7 பிப்ரவரி, இரவு 10.15

"அப்படியென்றால் அல்வாரெஸ் சண்டையில் அவரே ஏன் தரைக்குப் போனார்?" என்று கேட்டவருக்கு.

நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2019 ஆகஸ்ட் 2, மணிலா. எடி அல்வாரெஸ் அமெரிக்காவின் பெரிய மேடைகளில் பெல்ட் வாங்கியவர். ஃபோலயாங் தாழ்வான உதைகளால் அவருடைய காலை வெட்டி வெட்டி, ஒரு கட்டத்தில் கால் மடங்கி அல்வாரெஸ் கீழே விழுந்தார். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். அப்போது ஃபோலயாங் இரண்டடி பின்னால் வந்து, எழுந்திரு என்று கையைக் காட்டியிருந்தால் கதையே வேறு. அவர் பாய்ந்து மேலே விழுந்தார், குத்தினார். அல்வாரெஸ் திருப்பிப் போட்டு முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தார். 2 நிமிடம் 16 விநாடி.

காரணம் எனக்குத் தோன்றுவது இதுதான். சொந்த மக்கள் முன்னால், பெல்ட்டை இழந்து நான்கு மாதம் கழித்து, எதிராளி விழுந்து கிடக்கிறான். அந்த நேரத்தில் பின்வாங்கச் சொல்வது எளிது. செய்வது கஷ்டம். இந்தச் சண்டையை நான் இதுவரை ஐந்தாறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் "போகாதே" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். மனைவி பக்கத்து அறையிலிருந்து என்ன என்று கேட்கிறாள்.

2017 நவம்பரில் மார்ட்டின் நுயெனிடம் தோற்றதும் கிட்டத்தட்ட இப்படித்தான். சுழன்று உதைக்கப் போன நேரத்தில் மேலிருந்து இறங்கிய வலது கை. அது தரைப் பிரச்சினையே இல்லை. என் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

10 பிப்ரவரி, மாலை 5.30

இன்று சனிக்கிழமை, நேரம் இருக்கிறது. தோல்விகளை எண்ணும் நண்பருக்கு ஒரு எதிர்க்கணக்கு.

2018 ஜூனில் மக்காவ்வில் கேஜே எஸ்தாகியோ அட்ரியானோ மொராயெஸை வென்று 'ஃப்ளைவெயிட்' பெல்ட்டை எடுக்கிறார். செப்டம்பரில் ஜகார்த்தாவில் ஜோஷுவா பசியோ நைதோவை வென்று 'ஸ்ட்ராவெயிட்'. நவம்பர் 9இல் சிங்கப்பூரில் கெவின் பெலிங்கோன் பிபியானோ ஃபெர்னாண்டஸை வென்று 'பாண்டம்வெயிட்'. நவம்பர் 23இல் மணிலாவில் ஃபோலயாங் சிங்கப்பூர் இளைஞர் அமீர் கானோடு ஐந்து சுற்றும், முழுசாக 25 நிமிடம் நின்று, 'லைட்வெயிட்' பெல்ட்டை மறுபடி எடுக்கிறார்.

நான்கு பேர், ஒரே கூடம், ஒரே மலை. 2019 ஜனவரி 19இல் பசியோ தோற்கும்வரை 57 நாள் நான்கு பெல்ட்டும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தன. ஜனவரி 25இல் எஸ்தாகியோ. மார்ச் 31இல் டோக்கியோவில் ஒரே இரவில் ஃபோலயாங்கும் பெலிங்கோனும். பெலிங்கோன் தோற்றது பின்தலையில் முழங்கை பட்டதற்காக, தகுதிநீக்கத்தால். பன்னிரண்டு நாள் கழித்து பசியோ தலைக்கு உதைத்துத் தன் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார் என்பது ஒரு ஆறுதல்.

இந்த நால்வரில் மூத்தவர் யார், முதலில் வெளியூர் மேடையில் ஏறி இது சோறு போடும் என்று காட்டியவர் யார் என்று பார்த்தால் ஃபோலயாங் எங்கே நிற்கிறார் என்பது புரியும். பசியோ 1996இல் பிறந்தவர். 2011இல் ஃபோலயாங் குவோனை வென்றபோது அவருக்கு 15 வயது.

அமீர் கான் சண்டையில் நான் யார் பக்கம் என்று நண்பர் அப்போது கேட்டார். நான் சிங்கப்பூரில் இருப்பவன், அமீர் இங்கத்துப் பையன். வாயைத் திறக்கவில்லை. ஆனால் தீர்ப்பு வாசித்ததும் கையைத் தட்டிவிட்டேன், யாருக்காக என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

11 பிப்ரவரி, காலை 9.00

அவருடைய பட்டப்பெயர் 'லேண்ட்ஸ்லைடு', அதாவது மண்சரிவு. ஏன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அந்த மலையில் பிறந்தவர்களுக்கு மண்சரிவு விளையாட்டுச் சொல் இல்லை. மழைக்காலத்தில் பகியோவுக்கு ஏறும் கென்னன் சாலை மூடப்படுவது வருடா வருடம் நடக்கும். 2018 செப்டம்பரில் புயலின்போது பக்கத்தில் இத்தோகோனில் மலை சரிந்து சுரங்கத் தொழிலாளர்கள் பலர் புதைந்தார்கள். மேலே நான் சொன்ன, பசியோ பெல்ட் வாங்கிய அதே மாதம். நண்பர் அந்த வாரம் முழுக்க வேலை இடத்தில் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கேட்டேன், இதற்குப் பிறகும் அந்தப் பட்டப்பெயர் உங்களுக்கு உறுத்தவில்லையா என்று. யோசித்துவிட்டு, "எங்க ஊர்ல அதைவிடப் பெரிசா எதுவும் வந்தது இல்லண்ணா" என்றார். இங்கே வந்த இரண்டாம் மாதத்திலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார், தமிழ்ப் பையன்களிடமிருந்து பிடித்துக்கொண்டது.

16 பிப்ரவரி, இரவு 11.30

"2019க்குப் பிறகு விலகியிருக்க வேண்டும்" என்று எழுதியிருப்பவருக்கு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2021இல் மூன்றாம் முறை அவோக்கி, கை முறிக்கும் பிடியில் முதல் சுற்றிலேயே முடித்தபோது, போதும், வீட்டுக்குப் போங்கள் என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அதற்கு முன்னால் பீட்டர் பைஸ்ட், அந்தோனியோ கருசோ என்று தீர்ப்பில் வந்த தோல்விகள். அப்புறமும் ஜாங் லிபெங். பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் 2022 மார்ச்சில் சிங்கப்பூரில் ஜான் வெய்ன் பாரோடு தாய் குத்துச்சண்டை விதியில் இறங்கினார். பார் அந்தக் கலையில் ஒரு மலை. ஆஸ்திரேலியக்காரர், அன்று அவருக்குக் கடைசிச் சண்டை. தரைப் பிடி கிடையாது, விழுந்தால் நடுவர் எழுப்புவார். ஃபோலயாங் முகத்தில் நான் வருடக்கணக்காகப் பார்க்காத ஒரு தளர்வு. சுழன்று உதைத்தார், சிரித்தார், மூன்று சுற்றும் முடிந்து வென்ற பிறகு பாருக்குத் தலைவணங்கினார். பழைய வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டவர் மாதிரி இருந்தார். அந்த இரவைப் பார்க்காமல் நான் எங்கே அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன்!

உடனே 2022 டிசம்பரில் மணிலாவில் எட்சன் மார்க்கெஸிடம் வீழ்ந்தார் என்பதையும் மறைக்கவில்லை. 2023இல் அமீர் கானை இரண்டாம் முறையும் வென்றார். எப்போது நிறுத்துவது என்பதில் இனி நான் வாய் திறப்பதாக இல்லை.

17 பிப்ரவரி, காலை 8.20

2023இல் ஃபோலயாங், பெலிங்கோன், பனாரியோ, எஸ்தாகியோ, பசியோ எல்லோரும் டீம் லகாயை விட்டு வெளியேறி, லயன்ஸ் நேஷன் என்ற புதுக் கூடம் தொடங்கினார்கள். அதைத் துரோகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே என்ன நடந்தது என்பது அவர்கள் விஷயம். சங்கியாவ் இல்லாமல் இவர்கள் யாரும் இல்லை, அதுவும் உண்மை. பல வருடம் ஒரே ஆசானிடம் இருந்தவர்கள் ஒரு கட்டத்தில் தாங்களே சொல்லிக்கொடுக்க இடம் தேடினால் எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. ஃபோலயாங்குக்குச் சொல்லிக்கொடுப்பது புதுசும் இல்லை, அவருடைய முதல் வேலையே அதுதான்.

28 பிப்ரவரி, இரவு 9.40

நண்பர் பனக்பெங்கா பூத்திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தார். பிப்ரவரி முழுக்க பகியோவில் நடக்கும் விழா அது. நேற்று திரும்பி வந்தார். எனக்கு ஊதா நிறத்தில் ஊபே கிழங்கு ஜாம் இரண்டு பாட்டில். மலையில் கன்னியர் மடத்தில் செய்வது, வரிசையில் நின்று வாங்க வேண்டும்.

இந்த இழையை அவருக்குக் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரியாது, நான் வரி வரியாகச் சொன்னேன். அல்வாரெஸ் பற்றி எழுதியதை மட்டும் மறுத்தார். ஃபோலயாங் கூட்டத்துக்காகப் பாயவில்லை என்கிறார். எதிரே ஒருவன் விழுந்தால் போய் முடி என்பதுதான் அவர் முப்பது வயதில் கற்ற புதுப் பாடம், அதைத்தான் செய்தார், பழைய சான்டா உடம்பாக இருந்திருந்தால் தானாகவே பின்னால் நகர்ந்திருக்கும் என்கிறார்.

அப்படியென்றால் நான் 6ஆம் தேதி எழுதியது தலைகீழாகிறது. கற்றது வந்தது, எலும்பில் இருந்தது வரவில்லை. இன்று மறுபடி அந்தச் சண்டையைப் போட்டு, அல்வாரெஸ் விழும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விழுந்த உடனே ஃபோலயாங்கின் உடம்பு ஒரு கணம் தயங்குகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. நண்பருக்குத் தெரியவில்லையாம். நாளை வேலை முடிந்து பெரிய திரையில் சேர்ந்து பார்க்கப் போகிறோம்.